வீட்டிலுள்ள குழந்தையும் வரப்போகும் தத்துக் குழந்தையும்

வட்டார வளர்ச்சி அலுவலகத்தைத் தேடி வருவோரில் பெரும்பாலோர் வீடு, சாலை, குடிநீர் ஆகிய காரியங்களுக்காகவே வருகின்றனர். எனினும், கடலூர், சிதம்பரம் வட்டங்களில் தத்து எடுப்பது எப்படி என்று நம்மிடம் விசாரித்தவர்களும் உண்டு. அவர்களிற் சிலருக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்தது. மனு எங்கே கொடுப்பது, எத்தனை காலம் ஆகும், என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்று வரிசையாகக் கேட்பார்கள். “வீட்டிலிருக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?” என்று நாம் திருப்பிக் கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான் வரும்: “அதற்கென்ன ஐயா தெரியும், சின்னக் குழந்தை. வந்த பிறகு தானாகப் பழகிவிடும்.”

இந்தப் பதிலில் உள்ள குறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தத்து எடுப்பதில் பெற்றோர் இருவரின் சம்மதம் மட்டும் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் புதிதாக வரும் குழந்தையோடு நாள் முழுவதும் கூடி வாழப்போவது, ஒரே பாயில் படுக்கப்போவது, ஒரே பள்ளிக்கு நடக்கப்போவது வீட்டிலிருக்கும் பிள்ளையே. அப்பிள்ளையின் மனத்தில் இடம் உண்டாகாத வரை, சட்டப்படி நடந்த தத்து வீட்டுக்குள் பாதியளவே நடந்ததாகும்.

நம் மாவட்டத்துக்கும் இவ்விஷயத்துக்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1992ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2011இல் கடலூர் மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 896 பெண் குழந்தைகளே நம் மாவட்டத்தில் இருந்தனர் என்பது தெரிய வந்தது. மாநிலத்தின் சராசரி 943 ஆக இருந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்போர், அதனை அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பதே அத்திட்டம். அவ்வாறு வரும் குழந்தைகள் சட்டப்படி தத்துக் கொடுக்கப்படுகின்றனர்.

அதற்கு முன்பே இன்னொரு பாடமும் நமக்குக் கிடைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரையிலும் கரையோரக் கிராமங்கள் பல சேதமுற்றன. மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளில் பலரைச் சிற்றப்பன், பெரியம்மா, மாமன், பாட்டி எனும் உறவினர்களே அணைத்துக் கொண்டனர். உறவு என்பது எத்தகைய பாதுகாப்பு என்பதை அன்று கண்டோம். ஆனால் அந்த வீடுகளிலும் முன்பே பிள்ளைகள் இருந்தனர். ஒரே இரவில் வீட்டில் ஒரு வாய் கூடியது. துக்கத்தில் மூழ்கிய ஒரு குழந்தை பக்கத்தில் வந்து படுத்தது. எவருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல அவகாசமில்லை. ஆபத்துக் காலத்தில் அவகாசம் கிடையாது. அதைக் குறை கூறலாகாது. தத்து எடுப்பவர்களுக்கோ அவகாசம் தாராளமாக உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் குறை.

எவ்வளவு அவகாசம் என்று கேட்கலாம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயர் பதிந்து, சிறு குழந்தை வேண்டுமென்று காத்திருப்போர் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்க நேரிடுகிறது. இடையில் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து குடும்ப நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதுவார். அவர் வருமானத்தையும் வீட்டின் வசதியையும் மட்டும் பார்க்க வருவதில்லை. தாத்தா பாட்டி என்ன நினைக்கிறார்கள், வீட்டுப் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதையும் கேட்டறிவார். வீட்டிலுள்ள பிள்ளை ஐந்து வயதைக் கடந்திருந்தால் அதன் சம்மதமும் ஓர் ஆவணமாகக் கேட்கப்படுகிறது. இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் சம்மதமா என்கிறார்கள். விதி எழுதியவர்கள் நம்மைவிடக் குழந்தைகளை நன்கு அறிந்தவர்கள் என்றே நாம் எண்ணுகிறோம். அந்தச் சம்மதத்தை மிட்டாய் கொடுத்துப் பெறுவது எளிது. உண்மையாகப் பெறுவதற்கே உழைப்பு வேண்டும்.

அவ்வுழைப்பின் முதற்படி, பிள்ளையின் அச்சங்கள் எவை என்று தெரிந்து கொள்வது. பெரியவர்கள் நினைப்பதுபோல் அது வெறும் பொறாமையன்று. நான்கு வயதுப் பிள்ளைக்கு, அம்மாவின் மடி ஒன்றுதானே, அதில் இருவர் எப்படி என்ற கவலை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு, “நான் போதாதவன் என்றுதான் வேறொன்றைக் கொண்டு வருகிறார்களோ?” என்ற ஐயம். அதைவிட ஆழமான பயம் ஒன்று உண்டு. ஒரு குழந்தையை அதன் தாய் விட்டுவிட முடியும் என்று அப்பிள்ளை அன்றுதான் முதன்முதலாக அறிகிறது. அறிந்தவுடனே, “அப்படியானால் என்னையும் கொடுத்துவிடுவார்களோ?” என்று அதன் மனம் தாவுகிறது. இக்கேள்வியை எந்தக் குழந்தையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இரவில் படுக்கை நனைவதும், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக் கொள்வதுமே அதன் கேள்வி.

இங்கே நம் ஊர்களில் வழங்கும் ஒரு வேடிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பிழைக்க வேண்டுமென்று அதைத் தவிட்டுக்கு விற்று வாங்குவதாகச் சடங்கு செய்வது பழைய வழக்கம். பிச்சை, குப்பு என்றெல்லாம் பெயரிட்டதும் அந்த நம்பிக்கையால்தான். சடங்கு அருகிவிட்டது, கேலி மட்டும் நிலைத்துவிட்டது. “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று சொல்லிக் குழந்தையை அழவைத்து, பிறகு தூக்கிக் கொஞ்சுவதைத் திண்ணை தோறும் காண்கிறோம். சாதாரண வீட்டில் இது விளையாட்டாகப் போகலாம். தத்து எடுக்கவிருக்கும் வீட்டில் இது விஷம். மூத்த பிள்ளை சண்டை வரும்போதெல்லாம் இந்தச் சொல்லையே எடுத்துத் தம்பியின் மேல் எறியும். எறிவதற்குக் கல்லைக் கையில் கொடுத்தது நாம்தான் என்பதை மறந்து, பிள்ளையை அடிப்போம். ஆகையால் மனுச் செய்யும் அன்றே இந்தக் கேலியை வீட்டை விட்டு வெளியேற்றிவிடுதல் நலம். பாட்டிமார்களுக்கு இது சற்றுக் கடினந்தான்.

எப்போது சொல்வது என்பது அடுத்த கேள்வி. மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியதை நான்கு வயதுக் குழந்தையிடம் முதல் நாளே சொன்னால், மறுநாள் காலையிலேயே “பாப்பா வந்தாச்சா?” என்று கேட்கும். நாளடைவில் அலுத்து, அப்பா அம்மா பொய் சொல்கிறார்கள் என்று முடிவு செய்துவிடும். சிறு பிள்ளைகளிடம் முதலில் பொதுவாகப் பேசிப் பழக்க வேண்டும். பெற்றவர் வளர்க்க இயலாத குழந்தைகள் உண்டு, அவர்களுக்கும் வீடு வேண்டும், நம் வீட்டில் அப்படி ஒரு குழந்தைக்கு இடம் கொடுக்கலாமா என்று நெல் காயவைக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம். குழந்தை ஒன்று நமக்கென்று குறிக்கப்பட்டுப் புகைப்படம் வந்த பிறகு உறுதியாகச் சொல்ல வேண்டும். அப்போது நாட்கள் குறைவாகவே இருக்கும். ஆகவே பொதுவான பேச்சு முன்பே நடந்திருப்பது அவசியம்.

சிறு குழந்தைக்கு மாதக்கணக்கு விளங்காது. அது அறிந்த அடையாளத்தால் காலத்தைச் சொல்ல வேண்டும். சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைக்கு ஆனித் தேரும் மார்கழித் தேரும் தெரியும். கடலூர்ப் பிள்ளைக்குத் தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழா தெரியும். “தேருக்குப் பிறகு” என்றால் அதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் தாழ்ந்த குரலில் பேசுவதை அவ்வயதுப் பிள்ளைகள் எப்படியும் கேட்டுவிடுகின்றன. அரைகுறையாகக் கேட்பது முழுமையாகக் கேட்பதைவிடக் கெடுதல்.

என்ன சொல்வது என்பதில் பெற்றோர் செய்யும் பிழை பெரும்பாலும் ஆசை வார்த்தை கூறுவதே. “உன்னோடு விளையாட ஒரு தம்பி வரப்போகிறான்” என்பார்கள். வருவதோ பத்து மாதக் குழந்தையாயிருக்கும், விளையாடாது, அழும். அல்லது மூன்று வயதுக் குழந்தை வரும். மூத்தவனின் பம்பரத்தை எடுத்துக் கொண்டு தரமாட்டேன் என்னும். ஏமாந்த பிள்ளை, வந்தவனைக் குற்றவாளியாக்கிவிடும். “முதலில் அது நிறைய அழும், உன் சாமான்களைத் தொடும், அம்மா அதனோடு அதிக நேரம் இருக்க நேரிடும், உனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் என்னிடம் வந்து சொல்” என்று உள்ளபடி சொல்வதே மேல். உனக்காகத்தான் கொண்டு வருகிறோம் என்றும் சொல்லலாகாது. அப்படிச் சொன்னால், பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்க அதற்கு உரிமை வந்துவிடுகிறது. தத்து எடுப்பது தாய் தந்தையரின் முடிவு என்பதும், பிள்ளையின் கருத்தைக் கேட்டே அந்த முடிவு செய்யப்பட்டது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

இல்லத்தில் வளர்ந்து வரும் குழந்தையின் பழக்கங்களைப் பற்றியும் முன்கூட்டிச் சொல்லி வைப்பது நல்லது. பல குழந்தைகளுக்கு நடுவே வளர்ந்தது தனக்கென்று ஒரு தட்டையோ துணியையோ கண்டிராதிருக்கலாம். சோற்றை ஒளித்து வைக்கலாம். கட்டி அணைத்தால் விறைத்துக் கொள்ளலாம். அல்லது யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக் கொள்ளலாம். பதிவு நாடு முழுவதற்கும் பொதுவாகையால், வேறு மாநிலத்துக் குழந்தை வருவதும் உண்டு. அதற்குத் தமிழே தெரியாமலிருக்கலாம். அப்போது மூத்த பிள்ளையே வீட்டில் முதல் ஆசிரியர். “இது தண்ணீர், இது சோறு” என்று சொல்லிக் கொடுக்கும் உத்தியோகத்தைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை எவ்வளவு பெருமையோடு அதைச் செய்கிறதென்று காண்பீர்கள்.

வீராணம் பாசனத்தில் சம்பா நடுகிறவர்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று மறுநாளே நிமிர்வதில்லை. தலை சாய்ந்து, வெளுத்து நிற்கும். பயிர் போயிற்று என்று அதைப் பிடுங்கி எறியும் விவசாயி எவருமில்லை. வேர் ஊன்றிப் பச்சை பிடிக்கட்டும் என்று தண்ணீரை அளவாகக் கட்டிப் பொறுத்திருக்கிறார். குழந்தைக்கு ஏழெட்டு நாள் போதாது, மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் வீட்டுப் பிள்ளையும் பின்னோக்கிப் போகக்கூடும். தானே உண்ட பிள்ளை ஊட்டிவிடச் சொல்லும், எப்போதோ விட்ட தூளியில் ஏறிப் படுக்கும், திக்கிப் பேசும். “இவ்வளவு பெரியவனுக்கு வெட்கமாயில்லையா?” என்று கேட்பது தவறு. கேட்டால் ஊட்டிவிடுங்கள். நாளுக்குக் கால் மணி நேரமாவது, புதுக் குழந்தையைப் பாட்டியிடமோ தந்தையிடமோ விட்டுவிட்டு, மூத்த பிள்ளையோடு மட்டும் தாய் தனித்திருத்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் இதற்கு நேரமேது என்பீர்கள். வயலுக்குப் போகும்போது அப்பிள்ளையை மட்டும் உடனழைத்துச் சென்றாலும் போதும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. வரும் குழந்தை வீட்டின் கடைசிப் பிள்ளையைவிட இளையதாயிருப்பதே உத்தமம். மூத்தவன் என்ற ஸ்தானம் நம் குடும்பங்களில் அற்பமானதன்று. அதைத் திடீரென்று பறிப்பது பெருங்குழப்பம் விளைவிக்கும். ஒரே வயதில் இருவர் என்றால் பள்ளியில் ஒரே வகுப்பு. ஒருவன் எண்பது, ஒருவன் நாற்பது என்று ஊரே ஒப்பிடத் தொடங்கிவிடும்.

இனி, விவசாயக் குடும்பங்களில் எவரும் வெளிப்படையாகப் பேசாத, ஆனால் எல்லோரும் நினைக்கும் விஷயத்துக்கு வருவோம். அதுதான் பங்கு. “உன் அப்பன் நிலத்துக்கு இன்னொரு பங்காளி வந்துவிட்டானடா” என்று டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டு, பன்னிரண்டு வயதுப் பையன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். பெற்றோர் பதறி, “அப்படியெல்லாம் இல்லை, நிலம் உனக்குத்தான்” என்று சமாதானம் சொல்கிறார்கள். இது பொய். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி எடுத்தாலும், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி எடுத்தாலும், தத்துக் குழந்தை பெற்ற குழந்தைக்கு உள்ள எல்லா உரிமைகளையும் பெறுகிறது. முறைப்படி நடந்த தத்தைப் பிறகு ரத்துச் செய்வதற்கும் இல்லை என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆகவே பையனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்: “உனக்கு ஒரு தங்கை பிறந்திருந்தால் எப்படியோ, அப்படித்தான்.” பெண் மக்களுக்கும் சம பங்கு என்று நம் மாநிலத்தில் 1989ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று, அப்போதும் ஊரில் முணுமுணுத்தார்கள். இன்று அது வழக்கமாகிவிட்டது. பங்கைப் பற்றிய கேள்விக்கு நேரான விடை கிடைத்த பிள்ளை அமைதியடைகிறது. மழுப்பலான விடை கிடைத்த பிள்ளைதான் பிற்காலத்தில் வழக்காடுகிறது.

யார் எப்படித் தத்து எடுக்கலாம் என்பதில் கிராமங்களில் குழப்பம் மிகுதி. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண் மகவு உள்ளவர் மற்றொரு ஆணையும், பெண் மகவு உள்ளவர் மற்றொரு பெண்ணையும் தத்து எடுக்க இயலாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியில் அத்தடை இல்லை. பிள்ளை இருந்தாலும் எடுக்கலாம். ஆனால் 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, இரண்டோ அதற்கு மேற்பட்டோ குழந்தைகள் உள்ள தம்பதியருக்குச் சிறப்புத் தேவையுடைய குழந்தையும், எளிதில் இடம் கிடைக்காத குழந்தையுமே அளிக்கப்படும். உறவினர் குழந்தைக்கும் வாழ்க்கைத் துணையின் முந்தைய குழந்தைக்கும் இவ்வரையறை பொருந்தாது. தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

உறவுக்குள் தத்துக் கொடுப்பது நம் பக்கத்தில் சகஜம். அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், தம்பிக்கு ஒன்று பிறந்து அதன்பின் இல்லை. கடைக்குட்டியைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே தயார் செய்ய வேண்டிய பிள்ளைகள் இரண்டு வீடுகளிலும் இருக்கின்றனர். எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு நேற்றுவரை பெரியப்பா மகனாயிருந்தவன் இன்று உடன்பிறந்தவனாகிறான். கொடுக்கும் வீட்டில் மிஞ்சிய இரு பிள்ளைகளைப் பற்றி எவரும் நினைப்பதே இல்லை. தம்பி எங்கே போனான், தப்பு செய்ததற்காக அனுப்பினார்களா, அடுத்தது யார் என்று அவர்கள் தமக்குள் பேசிக் கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். கொடுக்கப்படும் குழந்தைக்கு ஐந்து வயது கடந்திருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். இரு வீட்டாரும் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே விதமாகச் சொல்வது நன்று. ஒரு வீட்டில் ஒன்றும் மறு வீட்டில் வேறொன்றும் சொன்னால், பிள்ளைகள் சந்திக்கும் முதல் பொங்கலிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரகசியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தத்து என்பதை வந்த குழந்தையிடம் கடைசி வரை மறைத்துவிடலாம் என்று எண்ணுவோர் பலர். மூத்த பிள்ளைக்கு நினைவு தெரிந்த பின் வந்த குழந்தையாயின் அது நடவாது. எட்டு வயதுப் பிள்ளையின் வாய்க்குப் பூட்டுப் போட்டு, “தம்பியிடம் சொல்லிவிடாதே” என்று ஆயுள் முழுவதும் சுமக்கச் செய்வது கொடுமை. ஒருநாள் கோபத்தில் அது உடையும். உடைத்த பழியும் அப்பிள்ளைக்கே வரும். வந்த குழந்தைக்கு விவரம் அறியும் பருவத்திலேயே பெற்றோர் தம் வாயால், அன்போடு சொல்லிவிடுவதே இரு பிள்ளைகளுக்கும் விடுதலை. அதே சமயம், அக்குழந்தை எங்கே, எந்நிலையில் கண்டெடுக்கப்பட்டது என்ற விவரங்கள் அக்குழந்தைக்கே சொந்தமானவை. அவற்றை மூத்த பிள்ளையிடமும் அக்கம் பக்கத்திலும் பரப்பத் தேவையில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது உண்டு. தங்கள் ஊரில் ஒரு குடும்பம் தத்து எடுத்திருப்பதாக அறிந்தால், பள்ளித் தலைமை ஆசிரியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கண்டு, பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேச வேண்டாமென்றும், “சொந்தப் பிள்ளை எது, வளர்ப்புப் பிள்ளை எது” என்று வகுப்பறையில் விசாரிக்க வேண்டாமென்றும் கேட்டுக் கொள்ளலாம். குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பதற்கும், தத்து ஆணையைக் காட்டிப் புதிய பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கும் துணை நிற்கலாம். இவை நடந்தால் மூத்த பிள்ளை பார்க்கும். தம் வீட்டு அட்டையில் அந்தப் பெயரும் ஏறிவிட்டதென்று படித்துக் காட்டும்.

தரகர் மூலம் குழந்தை வாங்கும் பேச்சு காதில் விழுந்தால் உடனே தடுக்க வேண்டியதும் உறுப்பினர்களின் கடமை. 2019ஆம் ஆண்டு நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை அம்பலமாகி, மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். விலைக்கு வாங்கிய குழந்தையை அதிகாரிகள் மீட்டுச் செல்லும் நாளில் பெரியவர்களுக்கு வழக்கும் அவமானமும் மிஞ்சும். தங்கை என்று நம்பித் தூளி ஆட்டிய பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்பதை அத்தரகரிடம் பணம் கொடுக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முறையான வழியை அறிய, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணில் கட்டணமின்றித் தெரிவிக்கலாம். குழந்தை வந்த பின் இரண்டு ஆண்டுகள் வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். சோதனைக்கு வந்தவர்போல் அவரைக் கருதி, வீட்டைத் துடைத்து, மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கின்றனர். அப்பிள்ளையை வீட்டிலேயே இருக்கச் செய்யுங்கள். சற்று நேரம் பெற்றோர் கொல்லைப்புறம் போய்விட்டு, அவர் பிள்ளையோடு தனியே பேச இடங்கொடுங்கள். நம்மிடம் சொல்லத் தயங்கியதை அது அவரிடம் சொல்லக்கூடும்.